புதுப்பிப்பு: படத்தில் இருப்பது 1959 காடிலாக்

டெட்ராய்ட் பழம்பொருள் சந்தையில் வாங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் காடிலாக் (அமெரிக்கச் சொகுசு கார்) 1959ஆம் ஆண்டு மாடலா, 1960ஆ என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

"வால் விளக்கைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். வால் துடுப்பில் (காரின் பின்புறம் மீன் துடுப்பு போல எழும்பி நிற்கும் பகுதி) துப்பாக்கிக் குண்டுகளைப் போல இரண்டு விளக்குகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஆகவே 1959. அடுத்த ஆண்டு துடுப்பைத் தாழ்த்தி, விளக்கை அதற்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். என் கண்ணுக்கு அதுதான் அழகு.

எதிர்பாராதது கூரை. தட்டையாக, வளைந்த பின்கண்ணாடிக்கு மேல் தாழ்வாரம் போல நீண்டிருக்கிறது. கூப்பே (இரண்டு கதவு கார்) என்று நம்பியிருந்தேன். இப்படிக் கூரை இருந்தால் நான்கு ஜன்னல் செடானாம் (நான்கு கதவு கார்)!

நீளம் 225 அங்குலம், ஏறத்தாழ 19 அடி. படத்தில் மூக்கு வெட்டுப்பட்டதற்குப் புகைப்படக்காரரை இனி திட்ட மாட்டேன்.