சிஓபிடி உள்ளவர்கள் கபாலபாதியும் கும்பகமும் செய்யலாமா?

கேள்வி

வணக்கம். என் தந்தைக்கு வயது 67. நான்கு ஆண்டுகளாகச் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது. இன்ஹேலரைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். சென்ற வாரம் ஒரு காணொளியைப் பார்த்துக் மூச்சை வேகமாக வெளியே உந்தித் தள்ளும் கபாலபாதியும், மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் செய்யத் தொடங்கினார். மூன்றாம் நாள் தலைசுற்றி, கட்டிலின் ஓரத்தில் முழங்கால்களில் கைகளை ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க, பத்து நிமிடம் பேச்சே எழாமல் உட்கார்ந்திருந்தார். விட்டுவிடுங்கள் என்றேன். "மருந்தைத் தவிர நானாகச் செய்துகொள்ளக்கூடியது இது ஒன்றுதானே" என்கிறார். அவருக்கு ஏற்ற மூச்சுப்பயிற்சி உண்டா?

மறுமொழி 1 (இயன்முறை மருத்துவர்)

முதலில், அந்தத் தலைசுற்றலை அவருடைய மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள். உங்கள் தந்தையின் ஆசை நியாயமானது. தேர்ந்தெடுத்த பயிற்சிகள்தாம் பொருந்தவில்லை. இந்நோயில் பெரிய சிக்கல் மூச்சை வெளிவிடுவதில் இருக்கிறது. மூச்சுக்குழல்கள் வெளிமூச்சு முடியும் முன்பே மூடிக்கொள்வதால் பழைய காற்று உள்ளேயே தங்கி, நுரையீரல் உப்பி, மேல்நோக்கிக் குவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் நுரையீரலில் மேலும் காற்றை இழுத்து அடைத்துவைப்பது கும்பகம். கபாலபாதியிலோ, வேகமாக உந்தித் தள்ளும்போது அந்தக் குழல்கள் இன்னும் விரைவாக மூடிக்கொள்ளும். மூச்சை வேகமாக இழுத்து வேகமாக விடும் பஸ்திரிகாவும் வேண்டாம்.

அவருக்கு உதவுவது உதடு குவித்து விடும் மூச்சு. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, எரியும் மெழுகுவத்திச் சுடர் அணையாமல் சற்றே சாயும் அளவுக்கு, நான்கு எண்ணும்வரை மெல்ல ஊதச் சொல்லுங்கள். குவித்த உதடுகள் தரும் சிறு எதிரழுத்தம் குழல்களைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும். படியேறும்போதும் இதையே செய்யலாம்.

மறுமொழி 2 (யோகா பயிற்றுநர்)

திருமந்திரம் கூறும் கணக்கு, பூரகம் (மூச்சை இழுத்தல்) 16, கும்பகம் 64, ரேசகம் (மூச்சை விடுதல்) 32 மாத்திரை (கால அளவு). நடுவிலுள்ள 64-ஐ எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம். மேலே சொன்ன இரண்டும் நான்கும் அதுவே. ஆகவே கும்பகத்தை விட்டால் பிராணாயாமமே போய்விட்டதென்று உங்கள் தந்தை வருந்த வேண்டாம். நாசிகளை மாற்றி மாற்றி மூச்சுவிடும் நாடிசுத்தியையும் மூச்சை நிறுத்தாமல் செய்யலாம். ஒரு நாசியை மூடியதும் திணறல் வருமானால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மறுமொழி 3

நானும் ஒன்பது ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்கிறேன். எனக்குக் கைகொடுத்தது பிராமரி. இன்ஹேலர் எடுத்து இருபது நிமிடம் கழித்து, நாற்காலியில் சற்று முன்சாய்ந்து, முன்கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, வண்டுபோல் மெல்ல ரீங்கரிப்பேன். ஒலி நீளும் வரை வெளிமூச்சும் தானாகவே நீள்கிறது. ஒலி நடுங்கத் தொடங்கினால், வலிந்து நீட்டாமல் அத்துடன் விட்டுவிடுவேன். முதல் நாள் என்னால் ஐந்தே முறைதான் முடிந்தது. சளி கூடி நோய் முற்றும் நாட்களில் பயிற்சியைத் தொடுவதில்லை.

மறுமொழி 4 (இயன்முறை மருத்துவர்)

பலன் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூச்சுப்பயிற்சிகள் குறித்து 2012-இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மீளாய்வு, 16 ஆய்வுகளில் பங்கேற்ற 1,233 பேரின் முடிவுகளைத் தொகுத்தது. பயிற்சி செய்தவர்களின் நடைத்திறன் கூடியது. மூச்சுத்திணறல் குறைந்ததா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. எனவே இதை நம்பி இன்ஹேலரைக் குறைத்துவிடக் கூடாது. மருத்துவர் பரிந்துரைத்தால் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் சேருங்கள். நடையும் தசைப்பயிற்சியும் சேரும்போதுதான் முழுப்பலன் கிடைக்கும். உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சில் குழப்பம் தென்பட்டாலோ, மார்பின் ஒரு பக்கம் திடீரென வலித்துத் திணறினாலோ, மூச்சுப்பயிற்சியால் சரிசெய்யப் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.