ஈயக் குழாய்தான் ரோமைக் கவிழ்த்ததா? குழாயை அறுத்துப் பார்த்தவன் கேக்கறேன்

குழாய்க்காரன் திருப்பூர்:
நேத்து ரோமாபுரி திரியில செந்தாழை ஐயா ஒத்தை வரியில தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டாருங்க. "ஈயக் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்து ரோமானியரின் புத்தி மழுங்கியது, பேரரசு சரிந்தது." அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல் வேற. இருபத்திரண்டு வருசமா குழாய் வேலை பார்க்கறவன் நான். படிச்சதுல இருந்து வயிறு எரியுது, அதான் தனித் திரி.

போன வாரம் ஒரு வீட்டுல தண்ணி வரலைன்னு கூப்பிட்டாங்க. பழைய ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப், துத்தநாகம் பூசின இரும்புக் குழாய். அறுத்துப் பார்த்தா உள்ள சுத்திலும் வெள்ளையா உப்புக் கட்டி, நடுவுல சுண்டுவிரல் நுழையற ஓட்டைதான் மிச்சம். ஸ்க்ரூ டிரைவரால குத்துனா சிப்பி மாதிரி பெயர்ந்து விழுது. அந்தத் தண்ணி இரும்பைத் தொட்டே பல வருசம் ஆயிருக்கும். ரோமுக்கு அனியோ பள்ளத்தாக்குல இருந்து வந்ததும் இதே மாதிரி சுண்ணாம்புத் தண்ணிதான். பிரான்சுல நீம்ஸ் நகரத்துக்கு ரோமானியர் கட்டுன கால்வாய்ல இந்தச் சுண்ணாம்பு அவ்வளவு கனமாப் படிஞ்சதால, பின்னாடி வந்தவங்க அதைக் கல்லா வெட்டிக் கோயில் கட்ட எடுத்துட்டுப் போயிருக்காங்க. குழாய்க்குள்ள சுண்ணாம்பு படிஞ்சிடுச்சுன்னா ஈயம் எப்படிங்க தண்ணியில கலக்கும்?

செந்தாழை:
வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். படிவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 2014இல் ரோம் வழியே ஓடும் டைபர் ஆற்றங்கரை, ரோமின் பழைய போர்ட்டஸ் துறைமுகம் ஆகிய இடங்களின் வண்டலைத் தோண்டி எடுத்து ஆய்ந்தார்கள். ரோம் நகரக் குழாய்த் தண்ணீரில் ஊற்று நீரைவிட 100 மடங்கு வரை ஈயம் இருந்திருக்கிறது. நூறு மடங்கு! உங்கள் சுண்ணாம்பு அப்போது எங்கே போயிருந்தது?

குழாய்க்காரன் திருப்பூர்:
அதே ஆய்வுல அடுத்து என்ன எழுதியிருக்காங்கன்னும் சொல்லுங்க ஐயா. அந்த அளவு பெரிய கேடு செஞ்சிருக்க வாய்ப்பில்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. பாதியைப் படிச்சுட்டுப் பாடம் நடத்தினா எப்படி?

இன்னொண்ணு. நம்ம ஊரு மாதிரி தண்ணி ராத்திரி பூரா குழாய்ல அடைஞ்சு நிக்கலைங்க. பெரும்பாலும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கி.பி. 97ல ஃப்ரான்டினஸ்னு ஒருத்தரை ரோமின் தண்ணி அதிகாரியாப் போட்டாங்க. வழிஞ்சு ஓடற தண்ணிதான் சாக்கடையைக் கழுவுதுன்னு எழுதினவர் அவர். கால்வாய்ல படியற சேறு சில சமயம் ஓடு மாதிரி இறுகி வழியை அடைக்குதுன்னும் அவரே எழுதியிருக்கார். திருட்டு இணைப்பு போட்டவங்களைப் பத்தி அந்த மனுசன் பக்கம் பக்கமாப் புலம்பியிருக்கார், படிச்சப்போ எனக்கு எங்க ஊர் ஞாபகம்தான் வந்துச்சு.

செந்தாழை:
ஃப்ரான்டினஸுக்கு நூறு ஆண்டுகள் முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் எழுதிவிட்டார். ஈயம் உருக்கும் தொழிலாளிகளின் முகம் வெளிறிப் போகிறது, ஆகவே குடிநீருக்கு மண் குழாயே நல்லது என்றார். ரோமானியனே எச்சரித்ததைத் திருப்பூர்க்காரர் மறுக்கிறார். நூறு மடங்கு என்பதற்குப் பதில் வரவில்லை.

நிலவொளி:
முதல்ல ஒன்னு தெளிவாக்கலாமா? "சரிவு"ன்னு எதைச் சொல்றோம்? 476ல ஒடோவாக்கர்ங்கற ஜெர்மானியத் தளபதி, மேற்கு ரோமின் அரியணையில இருந்த சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸை இறக்கினதையா? அதுக்கப்புறமும் முந்தைய பேரரசர் ஜூலியஸ் நெபோஸ் ஏட்ரியாட்டிக் கடலோர டால்மேஷியால 480 வரைக்கும் பேரரசர்னு சொல்லிக்கிட்டு இருந்தார். கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் 1453 வரைக்கும் நின்னுச்சு. எந்தச் சரிவுக்குக் காரணம் தேடுறோம்?

முசிறியான்:
குழாயை விடுங்கய்யா. ரோமை உறிஞ்சியது நம் மிளகு! "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு சொல்கிறதே. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அழுதார். பொன்னெல்லாம் இங்கே வந்துவிட்டால் அங்கே படைக்கு எதைக் கொடுப்பான்?

குழாய்க்காரன் திருப்பூர்:
முசிறியாரே, பெருமை எனக்கும் உண்டுங்க. ஆனா பிளினி செத்தது 79ல. மேற்கு விழுந்தது 476ல. நானூறு வருசம் கழிச்சா வலிக்கும்? போதாததுக்கு, முசிறிச் சரக்குக்கு எகிப்துல நாலுல ஒரு பங்கு சுங்கம் வாங்கினாங்க. நம்ம மிளகு அவன் கஜானாவை நிரப்பிச்சு.

முசிறியான்:
408இல் கோத் இன மன்னன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு விலகுவதற்குக் கேட்ட பட்டியலில் 5000 பவுண்டு தங்கத்தோடு 3000 பவுண்டு மிளகும் இருந்தது. மிளகின் மதிப்பு அப்படி. தமிழன் பங்கு என்று சொன்னாலே இந்தக் களத்தில் சிலருக்குக் கசக்கிறது. போன மாதம் ரோமானிய கான்கிரீட் திரியிலும் இவர்தான் என்னை மட்டம் தட்டினார். மறக்கவில்லை.

குழாய்க்காரன் திருப்பூர்:
கான்கிரீட் திரியில நான் சொன்னது சரி. அதை இங்க இழுக்காதீங்க.

அன்னக்கிளி பேரன்:
என் பாட்டி கடைசி வரைக்கும் ஈயச் சொம்புலதான் ரசம் வச்சா. தொண்ணூத்து நாலு வயசு இருந்தா. புத்தி மழுங்கலை, வட்டிக் கணக்கு வாயாலயே போடுவா. அவளுக்கு ஒன்னும் ஆகலை, ரோமானியனுக்கு மட்டும் ஆயிடுமா?

செந்தாழை:
தம்பி, உங்கள் பாட்டியின் சொம்பு வெள்ளீயம். ரோமானியன் குழாய் காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். பெயரில் ஈயம் இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடாது. பத்தாம் வகுப்புப் பாடம் இது.

அன்னக்கிளி பேரன்:
என் பாட்டியைப் பத்திப் பேசினா நான் பத்தாவது ஃபெயிலா? வார்த்தையை அளந்து பேசுங்க சார்.

குழாய்க்காரன் திருப்பூர்:
தம்பி, சொம்பு விசயத்துல ஐயா சொல்றது சரிதான். கோவிச்சுக்காதே. ஆனா ஐயா, இங்கதான் நீங்க கோட்டை விட்டீங்க. ரோமானியன் திராட்சைச் சாறைக் காரீயப் பாத்திரத்துல சுண்டக் காய்ச்சி, இனிப்புக்காக ஒயின்லயும் குழம்புலயும் ஊத்தினான். பித்தளையில காய்ச்சினா களிம்பு ஏறும், ஈயப் பாத்திரமே நல்லதுன்னு விவசாய நூல் எழுதின ரோமானியர் கொலுமெல்லா எழுதி வச்சிருக்கார். புளிப்பு பட்டா காரீயம் கரையும். ஈயம் அவன் உடம்புக்குள்ள போயிருந்தா அடுப்படி வழியாப் போயிருக்கும். குழாய் மேல பழி போடாதீங்கன்னுதான் சொல்றேன்.

செந்தாழை:
ஆக ஈயம் உடலுக்குள் போனது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி. நான் சொன்னதும் அதுதான்.

குழாய்க்காரன் திருப்பூர்:
நீங்க சொன்னது "ஈயக் குழாய்". மேல போய் உங்க வரியை நீங்களே படிங்க. சட்டியைச் சொல்லலை. கு-ழா-ய்.

இன்னும் கேளுங்க. பேரரசு சனத்துல பெரும்பகுதி கிராமத்துல கிணத்துத் தண்ணி குடிச்சது. ரைன் கரையில காவல் நின்ன சிப்பாய் எந்த அரண்மனைக் குழாயைத் திறந்தான்? 378ல ஆட்ரியனோபிள் போர்ல கோத்துகள்கிட்ட தோத்து பேரரசர் வாலன்ஸ் படையோட செத்தது தண்ணி குடிச்சா? 439ல வாண்டல் இன மன்னன் கைசெரிக் வட ஆப்பிரிக்காவோட கார்த்தேஜைப் பிடிச்சான் பாருங்க, மேற்கோட இடுப்பு அங்கதான் ஒடிஞ்சுது. ஆப்பிரிக்காவோட தானியமும் போச்சு, வரியும் போச்சு. வரி இல்லாம படைக்குச் சம்பளம் ஏது? அதை மீட்க 468ல போன பெரிய கப்பல் படையைக் கைசெரிக் தீ வச்சே அழிச்சான். எட்டு வருசத்துல மேற்கே முடிஞ்சுது. இதுல குழாய் எங்கீங்க வருது?

செந்தாழை:
அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே அழுகல் தொடங்கிவிட்டது. 235 முதல் 284 வரை இருபதுக்கு மேற்பட்ட பேரரசர்கள், பெரும்பாலோர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். 268 வாக்கில் வெள்ளிக்காசில் வெள்ளி 5 விழுக்காடுகூட இல்லை. தெளிந்த புத்தி உள்ள ஆளும் வர்க்கம் இப்படி நடக்குமா? குழாய் இணைப்பு வாங்கியவர்கள் யார்? அந்த மேல்தட்டுதானே! நூறு மடங்கு, ஐயா.

குழாய்க்காரன் திருப்பூர்:
காசுல கலப்படம் பண்ணினது புத்தி கெட்டு இல்லை, கையில வெள்ளி இல்லாம. 165ல இருந்து கொள்ளைநோய் ஊர் ஊரா வாரிக்கிட்டுப் போச்சு, சுரங்கத்துல ஆளில்லை. ஈயத் தாதுல இருந்து வெள்ளி உருக்கினப்போ எழும்பின ஈயப் புகை கிரீன்லாந்து பனியில அடுக்கடுக்காப் பதிஞ்சு கிடக்குது. அந்த நோய்க் காலத்துல அது சட்டுனு இறங்குது. அப்புறம், கிழக்குலயும் ஈயக் குழாய் இருந்துச்சே, அவங்க ஏன் இன்னும் ஆயிரம் வருசம் ஆண்டாங்க?

செந்தாழை:
கிழக்கில் மண் குழாய் மிகுதி. எபேசஸில் இன்றும் பார்க்கலாம். உங்கள் வாதம் என் பக்கமே சாய்கிறது.

நிலவொளி:
கிழக்கு ஆயிரம் வருசம் நின்னுச்சுன்னா, சரிஞ்சது எதுன்னுதானே நான் கேட்டேன்? யாராவது பதில் சொல்லுங்களேன்.

முசிறியான்:
கிழக்கும் மிளகு வாங்கியது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்காரன் திருப்பூர்:
மண் குழாய் மிகுதின்னா ஈயக் குழாய் இல்லைன்னு அர்த்தமா? என்ன நியாயம் இது? சரி, தண்ணிக்கும் ரோமுக்கும் உள்ள நிஜமான கதையைச் சொல்றேன். 537ல கோத்துகள் ரோமை முற்றுகையிட்டு வெளியில இருந்த கால்வாய்களை உடைச்சாங்க. அந்தத் தண்ணியில சுத்தின மாவு மில்லு நின்னு போச்சு. உள்ள இருந்த கிழக்கு ரோமத் தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆத்துல ரெண்டு படகைக் கட்டி, நடுவுல சக்கரம் மாட்டி, ஓடற தண்ணியிலயே மாவு அரைச்சான். குளிக்கற கூடமெல்லாம் காஞ்சு கிடந்துச்சு. தண்ணி நின்னதாலதான் நகரம் சுருங்கிச்சு. குழாய் அந்த ஊரை வாழ வச்சதுங்க! எங்க தொழிலுக்கு பிளம்பர்னு பேரே ஈயத்தோட லத்தீன் பேர்ல இருந்து வந்ததுதான். அந்தத் தொழிலை "பேரரசைக் கொன்னவன்"னு எழுதினா எனக்கு வலிக்குமா வலிக்காதா?

செந்தாழை:
தொழிலை நான் பழிக்கவில்லை. வலிக்கிறது என்பது சான்றாகாது. படிவு ஈயத்தை முற்றிலும் தடுத்திருந்தால் நூறு மடங்கு வந்திராது. இதற்கு நேரடி பதில் தேவை.

அன்னக்கிளி பேரன்:
பாட்டி பத்திச் சொன்னதுக்கு மன்னிப்பு வரலை. காத்துக்கிட்டு இருக்கேன்.

குழாய்க்காரன் திருப்பூர்:
புதுக் குழாய், ஒட்டுப் போட்ட இடம், பழுது பார்த்த இடம், இங்கெல்லாம் சுண்ணாம்பு படியறதுக்கு நாளாகும். அது வரைக்கும் ஈயம் கரையும். நூறு மடங்குக்கு இதான் பதில், தொழில் தெரிஞ்சவன் சொல்ற பதில். அந்த ஜிஐ பைப் துண்டு இன்னும் என் பட்டறையிலதான் கிடக்குது. காலையில நெட்டுக்கு ரெண்டாப் பிளந்து படம் போடறேன். சுண்ணாம்பு எத்தனை மில்லின்னு அளவுகோல் வச்சே காட்டறேன்.

செந்தாழை:
போடுங்கள். அது இரும்புக் குழாய் என்பதையும் படத்தின் அடியில் எழுதிவிடுங்கள்.