ஒதெசா டெரிபாசிவ்ஸ்கா தெரு: பழைய முகவரியும் பழைய அஞ்சலட்டையும்

நூலகப்பூனை:
உக்ரைனின் ஒதெசா நகரத்துத் தாள்கள் மூன்று. 1930இல் எழுதிய கடிதத்தில் ‘லசால் தெரு’. 1955 சான்றிதழ் ஒன்றில் ‘ச்கலோவ் தெரு’. தேதியே இல்லாத அஞ்சலட்டையில் ‘டெரிபாசோவ்ஸ்கயா’. மூன்றும் ஒரே தெருதானா? அட்டையின் காலத்தை எப்படிக் கணிப்பது?

வரைபடப்பித்தன்:
கடிதமும் அட்டையும் ஒரே தெரு. சான்றிதழ் வேறு தெரு, இங்கேதான் பலரும் சறுக்குவார்கள்.

நகரை நிறுவியவர்களில் ஒருவரான ஹோசே டி ரிபாஸ் 1800இல் இறந்தார். 1811இல் தெருவுக்கு அவர் பெயர் வந்தது: ரஷ்ய மொழியில் டெரிபாசோவ்ஸ்கயா, உக்ரைனிய மொழியில் டெரிபாசிவ்ஸ்கா. 1920 முதல் 1938 வரை லசால் தெரு. பிறகு விமானி ச்கலோவின் பெயர், அதுவும் 1941 வரைதான். அந்த ஆண்டு ருமேனிய ஆக்கிரமிப்பின்போது பழைய பெயர் திரும்பியது. போருக்குப் பின் சோவியத் நிர்வாகமும் அதைத் தொடவில்லை. ஆனால் ச்கலோவை விட்டுவிட மனமில்லை போலும், வேலிகா அர்னாவுத்ஸ்கா தெருவுக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆக, 1955 தாள் சொல்வது அந்தத் தெருவை.

குறுக்குத் தெருவின் பெயரும் தாளில் இருந்தால் இன்னும் நல்லது. சோவியத் காலத்து லெனின் தெரு என்றால் ரிஷெலியெவ்ஸ்கா. கார்ல் மார்க்ஸ் தெரு என்றால் காத்தெரினின்ஸ்கா. அதை 2024இல் எவ்ரொபெய்ஸ்கா ஆக்கிவிட்டார்கள், புதிய வரைபடத்தில் அந்தப் பெயரில் தேடுங்கள்.

தபால்தலை_தாசன்:
அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் முழுவதும் முகவரிக்கே என்றிருந்தால் 1904க்கு முந்தைய அச்சு. நடுவே கோடு போட்டு இடப்பக்கம் செய்திக்கு விட்டிருந்தால் அதற்குப் பிந்தையது. தலைப்பு ‘திறந்த கடிதம்’ என்ற பொருளில் இருந்தால் பெரும்பாலும் 1909க்கு முன். ‘அஞ்சல் அட்டை’ என்றிருந்தால் பின். இவையெல்லாம் அச்சின் காலம் மட்டுமே. கடைக்காரர்கள் மிச்சச் சரக்கைப் பல ஆண்டுகள் கழித்தும் விற்றார்கள்.

முத்திரை இருந்தால் நாட்காட்டியைக் கவனியுங்கள். ரஷ்யப் பேரரசில் பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. அதை இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற, 1900 மார்ச் முதல் 13 நாள் கூட்ட வேண்டும், 19ஆம் நூற்றாண்டில் 12. ஒதெசாவில் 1908 மார்ச் 3, பாரிஸில் மார்ச் 20 என்று இரண்டு முத்திரை இருந்தால் தபால் போனது 4 நாளில், 17 நாளில் அல்ல.

வரைபடப்பித்தன்:
படத்திலும் துப்பு உண்டு. பிரெயோப்ரஜென்ஸ்கா மூலையில் சிலைகள் அப்பிய பெரிய கட்டடம் தெரிந்தால் அது ‘பசாஜ்’ அங்காடி. அது 1900 தொடக்கத்தில் திறந்தது, எனவே படம் அதைவிட ரொம்பப் பழையதாக இருக்காது. நகரப் பூங்காவை வைத்து மட்டும் காலம் சொல்லாதீர்கள். டி ரிபாஸின் தம்பி பெலிக்ஸ் 1806இலேயே அதை நகரத்துக்குக் கொடுத்துவிட்டார். தெரு முழுக்க வண்டியே இல்லாமல் நடைபாதையாகத் தெரிகிற வண்ணப்படம் என்றால் 1984க்குப் பிந்தையது.

நூலகப்பூனை:
நன்றி. அட்டையில் நடுக்கோடு இருக்கிறது, தலைப்பு ‘திறந்த கடிதம்’. 1904–1909 என்று குறித்துக்கொள்கிறேன்.

தபால்தலை_தாசன்:
‘அச்சு’ என்று சேர்த்து எழுதுங்கள்.