பழைய கார் பார்க்கப் போன இடத்தில் என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வேளச்சேரி வாசி:

"டாக்டர் ஓட்டுன வண்டி சார், சிங்கிள் ஓனர்." பழைய கார் தேடி அலைந்த எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். விற்பனைக்கு நிற்கிற வண்டியையெல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டினார்கள் என்றால், ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள் என்றுதான் தெரியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போனதற்கு அடுத்த கோடையில், மச்சானுக்காக ஒரு வெள்ளை ஹேட்ச்பேக் பார்க்கப் போனோம். தகரக் கூரை போட்ட யார்டு. வண்டி பளபளவென்று நின்றது. கதவைத் திறந்ததும் செண்ட் வாசனை ஆளைத் தூக்கியது. எனக்கு அந்த வாசனையிலேயே சந்தேகம் தட்டிவிட்டது. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். யாரும் இழுக்காத அந்தக் கடைசி இரண்டு சாண் நீளத்தில் காய்ந்த சேற்றுக் கோடு. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினால், அடியில் போல்ட்டெல்லாம் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால், குழிக்குள் திருநீறு மாதிரி வண்டல். புரோக்கரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மெட்ராஸ்ல மழையில நனையாத வண்டி ஏது சார்?" என்றார், கொஞ்சமும் அசராமல்.

மழையில் நனைவது வேறு, தண்ணீருக்குள் நிற்பது வேறு. இன்சூரன்ஸ்காரர்கள் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று தள்ளிய வண்டிகள் ஏலத்தில் போகும். எடுத்தவர் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்குக் கொண்டுவருவார். இன்ஜினைக்கூடப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். வயரிங்தான் தலைவலி. கனெக்டர்களில் பச்சை பூத்து, வாங்கி நாளான பிறகு ஏர்பேக் விளக்கு எரியும், பவர் விண்டோ பாதியில் நிற்கும். எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தைக் காட்டுவார். எவ்வளவு விலை குறைத்தாலும் வெள்ளத்தில் நின்ற வண்டி வேண்டாம் என்பது என் கட்சி.

சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். 2015 வெள்ளம் வடிந்ததும் எங்கள் பகுதியில் பலர் ஆசையாகச் சாவியைத் திருகிப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜின் புரொடெக்‌ஷன் கவர் என்று இன்சூரன்ஸில் தனியாக எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கைக்காசுதான்.

மதுரைப் பயல்:

அண்ணே, எங்கள் ஊரில் வேறு கதை. டெல்லி வண்டி. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலையும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலையும் ஓட்டக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு, பெரிய டீசல் வண்டிகளை அந்த வயது வருவதற்குள் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். பெரியப்பா மகன் அப்படி ஒரு எஸ்யூவியை விலை கேட்டு மயங்கிப் போனான். நான் உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். அங்கிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி, புது நம்பர், லாரியில் ஏற்றிவரும் கூலி, இடையில் நிற்கிற ஆளுக்குக் கமிஷன். உள்ளூர் வண்டிக்கும் அதற்கும் வித்தியாசம் ரொம்பச் சுருங்கிவிட்டது. அப்புறம் பதிவுச் சான்றான ஆர்சியைப் பார்த்தால் அதில் இன்னும் கடன் கொடுத்த பேங்க் பெயர். கடன் கட்டி முடித்தாயிற்று என்றார் விற்றவர். இருக்கலாம். ஆனால் கடன் முடிந்தது என்று பேங்க் கையெழுத்துப் போட்ட படிவம் 35 வந்து, ஆர்சியில் அந்தப் பெயர் நீங்காமல் வண்டி நம் பெயருக்கு வராது. பயல் இப்போது உள்ளூரிலேயே தேடுகிறான்.

கோவை டீசல்:

நான் எல்லோரும் வேண்டாம் என்று சொன்ன வண்டியைத் தேடிப் போய் வாங்கியவன். ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 1.5 டீசல். 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்ததுமே ரீசேல் மதிப்பு இறங்கிவிட்டது. மறைமலை நகர் ஆலையும் அடுத்த வருடம் நின்றது. என்னைப் போல வண்டியை விற்பதற்காக இல்லாமல் ஓட்டுவதற்காக வாங்குகிறவனுக்கு அது நல்ல நேரம். நூறு குதிரைத்திறன் டீசல், நெடுஞ்சாலையில் தரையைப் பிடித்துக்கொண்டு போகிற சஸ்பென்ஷன், கையில் நல்ல கனம் காட்டுகிற ஸ்டியரிங். அதே காசுக்குப் புதிதாக வருகிற சின்ன வண்டிகள் எதிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

"கம்பெனியே போயிருச்சு, பார்ட்ஸுக்கு எங்க போவ?" என்று மாமா இன்னும் கேட்கிறார். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் தாராளமாகக் கிடைக்கிறது. சர்வீஸ் சென்டர்களும் ஓடுகின்றன. காத்திருக்க வேண்டியது ஹெட்லைட், பம்பர் மாதிரியான வெளிப்பாகங்களுக்கும் சில எலக்ட்ரானிக் பெட்டிகளுக்கும்தான். அதற்குப் பழைய பார்ட்ஸ் விற்கிற சென்னைப் புதுப்பேட்டையில் ஆள் பழக்கம் வைத்துக்கொண்டால் போதும். இதன் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், முதுகில் ஸ்டெப்னி வேறு. பின்னால் சுவர் ஒட்டி நிறுத்தினால் டிக்கி திறக்காது. அந்த எரிச்சலை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் பார்த்தவற்றில் ஒரு வண்டி மீட்டரில் நாற்பதாயிரம் சொச்சம் காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரில் வரியே இல்லை, மழுமழுவென்று இருந்தது. டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிக் கிடந்தது. டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த வண்டியின் நாலு டயரும் ஆர்சியில் இருந்த தேதிக்கு மூன்று வருடம் பிந்தியவை. நாற்பதாயிரத்துக்குள் அத்தனையும் தேய்ந்து மாற்றினார்களாம்! மீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. பானெட்டில் கை வைத்தால் சூடு வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் திணறுவதை நான் பார்க்கக் கூடாது என்று முன்னமே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். டீக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

வேளச்சேரி வாசி:

கோவை நண்பரே, அந்த இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டுவது டைமிங் பெல்ட்தானே? ஸ்விஃப்ட் டீசலில் வந்த ஃபியட் 1.3இல் செயின் என்பதால் என் பழைய வண்டியில் பெல்ட் அறுந்துவிடுமோ என்ற பயம் இருந்ததில்லை. மச்சான் இப்போது ஈகோஸ்போர்ட் பக்கம் சாய்கிறான்.

கோவை டீசல்:

பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும், இன்ஜினையே இறக்க வேண்டி வரும். மாற்றியதற்கு பில் காட்டினால்தான் நம்பச் சொல்லுங்கள். வாய்ச்சொல் என்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கட்டும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடட்டும். கழற்றி மாட்டுகிற கூலி ஒன்றுதான்.