கராச்சியின் கயிறு: வித்தையா, ஏமாற்றா?

வைகைக்கரை: நேற்று வேறொரு இழையில் குறும்பன் “கராச்சி எல்லாம் ஒரு மந்திரவாதியா, தலைப்பாகை கட்டிய போலி” என்று எழுதிவிட்டுப் போனார். கராச்சி என்பது மேடைப்பெயர். ஆள் ஆர்தர் டார்பி என்கிற ஆங்கிலேயர். சரி, இருக்கட்டும். கயிறு தானே நிமிர்ந்து நிற்கும், பையன் ஒருவன் அதில் ஏறி உச்சியில் மறைவான் என்று கதை சொல்வார்களே, அந்த இந்தியக் கயிற்று வித்தைதான் பேச்சு. 1935 ஜனவரியில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில், பேய் ஆராய்ச்சி ஹாரி பிரைஸ் கண்ணெதிரே, மேடையே இல்லாத வெட்டவெளி வயலில் கயிற்றை நிமிர்த்தி மகனை ஏற்றிக் காட்டியது யாராம்?

குறும்பன்: பையன் மறைந்தானா?

வைகைக்கரை: கயிறு நின்றது, பையன் ஏறினான். கொட்டும் பனிக்காலத்தில்!

குறும்பன்: கேட்டது பனியை இல்லை. மறைந்தானா?

நீலவேணி: லண்டன் மேஜிக் சர்க்கிள் என்கிற மந்திரவாதிகள் சங்கத்தின் குழு, இந்த வித்தையைச் செய்துகாட்டுபவருக்கு 1934இல் 500 கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) பரிசு அறிவித்தது. கராச்சி கேட்டும் தரவில்லை. அவர்கள் வைத்த நிபந்தனையிலேயே ஏறியவன் மறைய வேண்டும் என்று இருந்தது.

வைகைக்கரை: பணம் கொடுக்க மனசில்லாதவன் போடும் நிபந்தனை அது. அந்தக் குழுவின் தலைவர் ஆம்ப்ட்ஹில் பிரபு, நம் சென்னை மாகாணத்தில் 1900 முதல் 1906 வரை கவர்னர். இங்கே ஆண்டும் வித்தைக்காரனை மதிக்கத் தெரியவில்லை.

நீலவேணி: அவரை எதற்கு இழுக்கிறீர்கள்? போனமுறை மந்திரவாதி பி.சி.சர்க்கார் பற்றிப் பேசும்போதும் இப்படித்தான், கடைசியில் வெள்ளைக்காரன் சதி என்று முடித்தீர்கள்.

வைகைக்கரை: அன்று பாதியில் ஓடியது நீங்கள். குறும்பனுக்கு ஒரு கேள்வி: 1995இல் டெல்லியில் தெருவித்தைக்காரர் இஷாமுதீன் இதே வித்தையைக் காட்டினாரே, அங்கேயும் பையன் ஏறினான், மறையவில்லை. அவரும் போலியா?

குறும்பன்: இஷாமுதீன் தெருவில் வளர்ந்த கலைஞர். டார்பி வேஷம் போட்டவர். இரண்டும் ஒன்றா?

வைகைக்கரை: அட, இப்போது மறைவது முக்கியமில்லையா?

குறும்பன்: முக்கியம்தான். மறைந்தானா?

தோழர்_மணி: இந்தக் கதையையே பரப்பியது 1890இல் சிகாகோ டிரிப்யூன் விட்ட புரளி. பிறகு அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பத்திரிகைக்காரன் கற்பனையில் மறைந்த பையனை எல்லோரும் வயலில் தேடுகிறீர்கள்.

வைகைக்கரை: மணி, நீங்கள் எந்த இழையிலும் கடைசியில் வந்து தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கம். அமெரிக்க மந்திரவாதி தர்ஸ்டன் மேடையில் பையனை மறைய வைத்தாரே, அது தெரியுமா?

தோழர்_மணி: மேடையில் விளக்கும் திரையும் இருந்தால் நான்கூட மறைவேன்.

நீலவேணி: முதலில் இந்த இழையிலிருந்து மறையுங்கள்.

வைகைக்கரை: அவரை நான் கூப்பிடவில்லை. குறும்பா, டார்பி போட்டது வேஷம் என்றீர்களே, இதற்குப் பதில் சொல்லுங்கள். சர்க்கார் மகாராஜா உடையில் மேடையேறினாரே, அது என்ன கணக்கு?