ஆறு எப்படி ரீச்சர் மேலே ஏறும்? தரம் 4க்குத் தேசப்படம் படிப்பிக்க உதவி தேவை

கேட்டவர்: தரம் 4 ஆசிரியை, கிளிநொச்சி

வணக்கம். போன கிழமை சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் இலங்கைத் தேசப்படத்தைச் சுவரில் தொங்கவிட்டு ஆறுகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். மகாவலி 335 கிலோமீற்றர் என்று பிள்ளைகள் உரத்துச் சொன்னார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு எங்கட கனகராயன் ஆற்றுக்கு வந்தேன். வவுனியா வடக்கில் தொடங்கி, இரணைமடுக் குளத்தில் தேங்கி, அங்கிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகிறது என்று விரலைப் படத்தில் கீழிருந்து மேலே இழுத்துக் காட்டினேன். முன்வாங்குப் பிள்ளை ஒன்று எழும்பி, "ரீச்சர், தண்ணி கீழதானே ஓடும், இந்த ஆறு எப்படி மேலே ஏறும்?" என்று கேட்டாள்.

"படத்தில் மேலே என்றால் வடக்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டு இருந்தாள், ஆனால் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. சந்தேகம் வந்து மற்றப் பிள்ளைகளிடம் மேல் மாகாணம் எது என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் யாழ்ப்பாணத்தில் கை வைத்தார்கள்! 25 மாவட்டங்களையும் மூச்சுவிடாமல் சொல்கிற பிள்ளைகள் இவர்கள், வகுப்பு வாசலில் நின்று வடக்கு எது என்று கேட்டால் அண்ணாந்து பார்க்கிறார்கள். அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை, அதற்கு இந்த மனப்பாடம் போதும் என்று சொல்லுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்வி சரியான கேள்வி, அதற்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. நீங்கள் எப்படிப் படிப்பிக்கிறீர்கள்?

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒட்டுசுட்டான்

தங்கச்சி, முதல் வேலையாகப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றுங்கோ. சுவரில் தொங்குகிற வரைக்கும் பிள்ளைக்கு யாழ்ப்பாணம் முகட்டிலும் மாத்தறை நிலத்திலும்தான் இருக்கும். நிலத்தில் விரித்து, படத்தின் வடக்கை உண்மையான வடக்குக்குத் திருப்பி வையுங்கோ. காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு, அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு அவர்களைப் படத்தைச் சுற்றி நடக்க விடுங்கோ. வடக்குப் பக்கம் போய் நின்று பார்க்கிற பிள்ளைக்கு மாத்தறை "மேலே" வந்துவிடும், அப்போது தானாகவே கேள்வி வரும்.

மேல் மாகாண விசயத்தில் பிள்ளைகளின் பிழை எதுவும் இல்லை. எங்கட மொழியில் மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்து கிடக்கிற தமிழ்நாட்டு நிலத்துக்கு அது பொருந்தும். இங்கே சரிவு வேறு, தேசப்படம் வடக்கை மேலே வைக்கிறது. ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் இருந்தால் ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதனால் நான் வகுப்பில் படத்துக்கு மேல், கீழ் என்று சொல்லுவதையே விட்டுவிட்டேன். வடக்கு, தெற்கு மட்டும்தான்.

ஆற்றுக்கு மண்தான் சரி. முற்றத்தில் தெற்குப் பக்கம் மண்ணைக் குவித்து, வடக்கே போகப் போகத் தணித்து விடுங்கோ. ஒரு சிரட்டைத் தண்ணீரைத் தெற்கில் ஊற்றச் சொல்லுங்கோ. தண்ணீர் வடக்கே ஓடும்போது ஒரு பிள்ளை குறுக்கே கையை வைத்து மறிக்கட்டும், அதுதான் இரணைமடு. உங்கட பிள்ளைகள் குளத்தைப் பார்த்திருப்பார்கள், அவர்களிடம் இதைக் கேளுங்கோ: குளக்கட்டு ஏன் வடக்குப் பக்கம் இருக்கிறது, கட்டில்லாத அலைகரை ஏன் தெற்கே இருக்கிறது? பரந்தன், முரசுமோட்டை வயல்கள் எல்லாம் கட்டுக்கு எந்தப் பக்கம்? இதற்குப் பதில் சொல்லுகிற பிள்ளைக்கு ஆறு ஏன் "ஏறுகிறது" என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை.

ஒரு விசயம். குளத்தடிக்குக் கூட்டிப் போவதாக இருந்தால் குளம் நிரம்பி வான் பாய்கிற காலத்தில் வேண்டாம். மற்றக் காலத்திலும் பழகிய பாதையை விட்டுப் பற்றைக்குள் ஒரு பிள்ளையையும் இறங்க விடாதேங்கோ. வன்னியில் மிதிவெடி எடுத்து முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

பதில் 2: ஒரு தகப்பன், விசுவமடு

நான் ஆசிரியர் இல்லை, மேசன் வேலை. என்ர மகனும் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டவன், "வவுனியா உயரம் என்றால் போகேக்க ஏன் ஏற்றம் தெரியேல்ல?" என்று. ஏனென்றால் சரிவு அவ்வளவு மெல்லிசு. வவுனியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர்தான், அதுவும் கண்டி வீதியில் அவ்வளவு தூரத்துக்குப் பரந்து கிடக்கிறது. நாங்கள் அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற தண்ணீர் ரியூப் தெரியும்தானே, அதைக் கொண்டுபோய் வளவின் இரண்டு அந்தத்திலும் தடியில் பிடித்துக் காட்டினேன். ரியூப்பில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். தண்ணீரிலிருந்து நிலம் வரைக்கும் அளந்தால் எந்தப் பக்கம் கூட வருகிறதோ அந்தப் பக்கம் பள்ளம். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்த வளவில் நாலு விரல் வித்தியாசம். மாரிக்கு வெள்ளம் ஏன் கிணற்றடிப் பக்கம் போகிறது என்று அவனே சொன்னான். உங்கட பள்ளிக்கூடத்துப் பெற்றோரிலும் ஒரு மேசன் இருப்பார், கேட்டுப் பாருங்கோ ரீச்சர்.

பதில் 3: ஆரம்பப் பிரிவு ஆசிரியர், மன்னார்

திசைக்கு நான் ஒரு தடியை முற்றத்தில் நட்டு வருசம் முழுக்க நண்பகல் நிழல் பார்க்க வைக்கிறேன். மார்கழியில் நிழல் வடக்கே விழும். ஆனியில் தெற்கே விழும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நடுவில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வரும், பகல் 12.10 அளவில் தடிக்கு நிழலே இராது. அப்போது விடுமுறை, அதனால் வீட்டு வேலையாகக் கொடுக்கிறேன். போன முறை ஒரு பிள்ளை புத்தாண்டுப் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அகப்பையை நட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

காற்றையும் விடாதேங்கோ. எங்கள் பக்கம் மீன்பிடிக்காரரின் பிள்ளைகளுக்கு வாடை, சோளகம், கச்சான், கொண்டல் எல்லாம் பாட்டனிடம் கேட்டுப் பழக்கம். வாடை வடகிழக்கு, மழை கொண்டுவரும், அதை நம்பித்தான் காலபோக நெற்செய்கை. சோளகம் தென்மேற்கு, எங்களிடம் மழை இல்லாமல் வெறும் காற்றாக வருகிறது. அப்புறம் ஆற்றுக்கு இன்னொன்று: அருவி ஆறு அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்ற பெயரில் ஓடி, எங்கட அரிப்பில் மேற்குக் கடலில் விழுகிறது. கனகராயன் ஆற்றையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் கீறச் சொல்லுங்கோ. ஒன்று வடக்கே, மற்றது மேற்கே. ஆறுகள் படத்தின் விளிம்பைப் பார்த்து ஓடுவதில்லை என்று அதிலேயே பிடிபடும்.

கேட்டவர் மீண்டும்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மண்ணில் செய்து பார்த்தோம். கேள்வி கேட்ட பிள்ளையிடமே சிரட்டையைக் கொடுத்தேன். முதல் தரம் மண் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டது, இரண்டாம் தரம் நனைத்து இறுக்கிவிட்டு ஊற்றினாள். தண்ணீர் மறித்த கையில் முட்டி, தேங்கி, விரல் இடுக்கால் வடக்கே வழிந்தது. "ரீச்சர், வான் பாயுது" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். குளக்கட்டுக் கேள்விக்கு முரசுமோட்டைப் பிள்ளை ஒன்றுதான் முதலில் பதில் சொன்னாள், அவளுடைய தகப்பனுக்கு அங்கே வயல்.

ரியூப்புக்கு ஒரு மேசன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேல் மாகாணத்தை இன்னும் மூன்று பேர் யாழ்ப்பாணத்தில்தான் காட்டுகிறார்கள், திங்கட்கிழமை படத்தை மறுபடி நிலத்தில் விரிக்கிறேன்.