பெயர் சொன்னால் திரும்பாத குழந்தை: காத்திருக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 20 மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாட்டுச் சத்தத்துக்கு மட்டும் ஓடி வருகிறாள். "பேச்சு தானா வந்துரும்" என்கிறார்கள். ஆட்டிசமாக இருக்குமோ?

பதில் 1: காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை. பாட்டு கேட்கிறது என்பதால் காது சரி என்றாகாது. சில ஒலிகள் மட்டும் விழாமல் போகலாம். பிறகு எம்-சாட்-ஆர் என்ற ஆட்டிச வினாப்பட்டியல்: 16–30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகள், பெற்றோர் பதில் சொல்வது. மதிப்பெண் 3–7 வந்தால் தொடர்கேள்விகள், 8 முதல் நேரே நிபுணர். இது சலித்தெடுக்கத்தான், முடிவுகட்ட அல்ல.

பதில் 2: பேச்சைவிட விரலைக் கவனியுங்கள். பொம்மை வேண்டுமென்று கை நீட்டுவது வேறு. விமானத்தைச் சுட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பது வேறு. இரண்டாவது இல்லையென்றால் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள்.

பதில் 3: தடுப்பூசிதான் காரணம் என்று யாராவது கிளப்புவார்கள். இந்தப் பேச்சுக்கு வழிவகுத்த 1998 கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. அடுத்த ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.